எடுத்துவைத்த இரண்டு சிட்டம்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் நூல்காரம்மா என்பார்கள். கோபக்காரி என்றும் சொல்வார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரம் போன பிறகு. இருபத்தெட்டு வருஷமாகக் கம்பளி நூல் விற்கிறாள். மில்லில் வாங்கி அலமாரியில் அடுக்கி விற்பதுதானே, இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் பதில் சொல்லமாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள். கேட்டவர் அந்தப் பார்வையை வீடுவரை தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இருக்கத்தான் செய்கிறது. அவள் கடைக்கு நூல் வருவது ஒரே ஒரு பழைய மில்லிலிருந்து. சாயம் கிடையாது, ஆட்டின் நிறம்தான் நூலின் நிறம். கறுப்பு மயிரும் வெள்ளை மயிரும் கலந்து சாம்பல் நிறத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை நூற்பார்கள். இந்த வருஷத்துச் சாம்பல் அடுத்த வருஷம் வராது. ஆடு மாறும், மேய்ச்சல் மாறும், மழை மாறும், நிறமும் கொஞ்சம் மாறிவிடும். ஆகவே ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய நூல் முழுவதும் ஒரே வருஷத்து நூலாக இருக்கவேண்டும். ஆனால் மொத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் பூச்சி அரிக்கும், பூனை இழுக்கும், குழந்தை பந்தாடும். அதற்காகக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னுகிறவள் இரண்டு மூன்று சிட்டம், அதாவது நூல்கற்றை, மட்டும் எடுத்துப்போவாள். முறுக்கி மடித்த மிச்சச் சிட்டங்களை நூல்காரம்மா ஒரு துணிப்பையில் போட்டு, பெயர்ச்சீட்டைக் குத்தி, பின்னறை அலமாரியில் வைத்துவிடுவாள். மாதம் ஒருமுறை பைகளைத் திறந்து உதறி, நிழலில் காற்றாடப் போடுவாள். ஆறு மாதமானாலும் ஒரு வருஷமானாலும் அந்தப் பையில் வேறு யாரும் கைவைக்க முடியாது. ஒருதரம் மேயரின் மனைவி வந்து கேட்டபோதுகூட, "அது எடுத்து வெச்சதுங்க" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பியவள் அவள்.

அந்த வழக்கத்தை அவள் மீறியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் கூடப்பிறந்த தங்கைக்கு.

தங்கை அவளைவிட நாலு வயது சின்னவள். வாரத்தில் மூன்று நாள் கடைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். சம்பளத்துக்கு இல்லை, சும்மா பேச்சுத்துணைக்கு. அவள் பின்னுவதைப் பார்த்தே பாதிப்பேர் நூல் வாங்கினார்கள். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், தங்கைக்கு வாய் சும்மா இருக்காது. இருந்தும் ஐம்பது வருஷமாக ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

சண்டை வந்தது ஒரு பாங்க் குமாஸ்தாவால். பாவம், அவன் மேல் தப்பில்லை. பிறந்து பத்து நாளான மகளுக்குத் தொப்பி பின்ன நூல் கேட்டு வந்தான். நூல்காரம்மா சாம்பல் சிட்டத்தை எடுத்துப் போட்டாள். "இதைவிட நல்ல நூல் கிடைக்காதுங்க. காத்தை உள்ள பிடிச்சு வெச்சுக்கும். சூடு வெளிய போகாது."

ஜன்னலோரத்திலிருந்து தங்கை சொன்னாள். "அக்கா, அது குழந்தைக்குக் குத்தும்."

"எனக்குத் தெரியாதா? தொட்டுப் பாரு, பஞ்சு மாதிரி இருக்கு."

"உன் கைக்கு எல்லாமே பஞ்சுதான். இத்தனை வருஷம் நூலு இழுத்த கை மரத்துப்போச்சு. கையில வெச்சா பாக்கறது, தாடைக்குக் கீழ வெச்சுப் பாரு."

குமாஸ்தா நூலை எடுத்துத் தன் தாடைக்குக் கீழே வைத்தான். இரண்டு நொடி பொறுத்து, மரியாதைக்காக அடக்கிப் பார்த்து, முடியாமல் கழுத்தைச் சொறிந்தான். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். தங்கையும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் தாங்கவில்லை.

நூல்காரம்மா அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாள். "அவ்வளவு தெரிஞ்சா நீயே ஒரு கடை போட்டுக்க வேண்டியதுதானே. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

தங்கை ஊசியையும் நூலையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். நாளைக்கு வந்துவிடுவாள் என்றுதான் அக்கா நினைத்தாள். அக்கா கூப்பிடட்டும் என்று தங்கை நினைத்திருப்பாள். அப்படியே மூன்று வாரம் ஓடிப்போனது.

மூன்றாவது வாரம் ஒரு பல் டாக்டரம்மா கடைக்கு வந்தாள். போன வருஷச் சாம்பலில் ஒரு ஜோடிக் கையுறை பின்னியிருக்கிறாளாம். அதே நூலில் அப்பாவுக்குத் தொப்பியும் பின்ன வேண்டுமாம், இரண்டே சிட்டம் போதுமாம். போன வருஷ நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லவேண்டியதுதான். தீர்ந்துதான் போயிருந்தது, பின்னறையில் தங்கையின் பையில் இருந்த இரண்டைத் தவிர. தங்கை தன் மகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள், கடைசிக் கைக்கென்று எடுத்துவைத்த நூல் அது.

நூல்காரம்மா பின்னறைக்குப் போனாள். பெயர்ச்சீட்டைப் பிய்த்தாள். "உங்க அதிர்ஷ்டம், ரெண்டு இருக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வரட்டும், வந்து கேட்கட்டும், இல்லை என்று சொல்லலாம் என்று மனதுக்குள் கருவிக்கொண்டாள். மனுஷ புத்தி அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

தங்கை வரவில்லை. நாலு மாதம் கழித்துத் தங்கை மகள் வந்தாள். இருபத்தாறு வயதாகிறது, இன்னமும் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். காய்கறியும் மீனும் உறையவைக்கிற குளிர்கிடங்கில் வேலை. அங்கே தடிமனாக மேல்சட்டை கொடுப்பார்கள், ஆனால் எட்டு மணி நேரம் நின்றால் குளிர் எப்படியோ உள்ளே இறங்கிவிடும். அதற்காகத்தான் அவள் அம்மா அந்த ஸ்வெட்டரை ஆரம்பித்தாள்.

"என்னடி, வழி இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் நூல்காரம்மா.

"பெரியம்மா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

"என்ன உடம்புக்கு?"

"வயித்துல. டாக்டர் ஆபரேஷன் வேண்டாம்னுட்டார்."

"வேண்டாம்னா நல்லதுதானே."

"இல்ல பெரியம்மா. பண்ணியும் பிரயோஜனம் இல்லேன்னு வேண்டாம்னுட்டார்."

நூல்காரம்மா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தாள் என்று பிறகு இரண்டு நாள் தேடினாள்.

வாண்டு தொடர்ந்து பேசினாள். "ரெண்டு மாசம்னு சொல்றாங்க. அம்மா அழல. ஸ்வெட்டர்ல ஒரு கை பாக்கி இருக்காம், அதை முடிச்சுடணுங்கறாங்க. அதே பேச்சுதான். அக்காகிட்ட ரெண்டு சிட்டம் எடுத்து வெச்சிருக்கு, போய் வாங்கிட்டு வான்னாங்க. நீங்க திட்டினாலும் வாங்கிக்கோன்னாங்க."

"நானே கொண்டுவர்றேன்னு சொல்லு" என்றாள் நூல்காரம்மா.

வாண்டு தெருமுனை திரும்பியதும் கடையைப் பூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினாள். முன்னறையில் இருந்த பெண் எந்தப் பல்லில் வலி என்று கேட்டாள். "ஏதோ ஒரு பல்லு, உள்ள விடு" என்றாள். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்ட பிறகுதான் நூல்காரம்மாவுக்குப் பேச்சு வந்தது. அது எப்படிப் புரியும். கண்ணாடியை எடுத்ததும் மறுபடி கேட்டாள். அந்த நூல் இன்னும் இருக்கிறதா?

"தொப்பி பின்னி, அலசி, அப்பாவுக்கு அனுப்பி மூணு மாசமாச்சுங்க. எவ்வளவு அருமையான நூல். தலையிலிருந்து கழட்டவே மாட்டேங்கறாராம்."

"மிச்சம் ஏதாவது?"

"ஒரு முழம்கூட இல்ல. உங்களுக்குக் கடவாய்ப்பல் சொத்தை, பாத்துக்கங்க."

பல்லைப் பற்றி யாருக்குக் கவலை. அவள் கடைக்குத் திரும்பி இந்த வருஷச் சாம்பலை எடுத்தாள். மாதிரி அட்டையில் போன வருஷ நூலில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. வாசலுக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஒன்றுபோலத்தான் இருக்கும். நூற்கும்போது மயிர் பறக்காமலிருக்க மில்லில் எண்ணெய் விடுவார்கள், அந்த எண்ணெய் நூலிலேயே நின்றுவிடும். எண்ணெய் நூல் மெலிந்து, மங்கி, பிசுக்கென்று இருக்கும். பின்னி முடித்து வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டு அலசினால்தான் நூல் உப்பி மிருதுவாகும், உண்மையான நிறம் வெளியே வரும். எண்ணெயோடு நிறம் பார்க்காதீர்கள், ஒரு முழம் வெட்டி அலசிப் பாருங்கள் என்று இருபத்தெட்டு வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள். அன்றைக்கு அவள் அலசிப் பார்க்கவில்லை. அரைமணி நேர வேலைதான். பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பார்க்கவில்லை. இரண்டு சிட்டத்தைப் பையில் போட்டு, புதுச்சீட்டு ஒன்று எழுதி, பழசு மாதிரி இருக்கட்டும் என்று அதைக் கசக்கி நீவிக் குத்தினாள்.

தங்கை வீடு மாடியில். படுக்கையை ஜன்னலுக்குப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள்.

"வந்துட்டியா" என்றாள் தங்கை.

"வராம எங்க போவேன்."

தங்கை பையை வாங்கிப் பிரித்தாள். சிட்டத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "எடுத்து வெச்சிருந்தியா?"

"பின்ன?"

"நான்கூட நெனச்சேன், எம்மேல இருக்கற கோவத்துல நீ யாருக்காவது வித்திருப்பேன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆமாண்டி, வித்துட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நூல்காரம்மாவுக்கு வாய் திறந்தது, வந்தது வேறு பேச்சு. "நான் அவ்வளவு மட்டமா போயிட்டேனா உனக்கு?"

"இல்ல" என்றாள் தங்கை. "கையை நீட்டு."

அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். தங்கை சிட்டத்தை விரித்து அந்தக் கைகளில் மாட்டிவிட்டு, நூலின் முனையைப் பிடித்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்து இருவரும் இப்படித்தான் நூல் சுற்றுவார்கள். நூல் இழுபடுகிற பக்கமெல்லாம் அக்காவின் கைகள் அசைந்து கொடுத்தன. நூறு சுற்றுக்கு ஒருதரம் தங்கை மூச்சு வாங்க நிறுத்தினாள். ஒரு சிட்டம் சுற்ற அன்றைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

அதன் பிறகு தினமும் பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவாள். தங்கை ஒரு நாளைக்கு நாலு வரிசை பின்னுவாள், முடியாத நாளில் இரண்டு. "கொடு, நான் பின்றேன்" என்று ஒருநாள் அக்கா கேட்டாள்.

"வேண்டாம் தாயே. நீ பின்னினா இறுகிப்போயிடும். உன் கோவமெல்லாம் ஊசி வழியா இறங்கிடும். அப்புறம் என் பொண்ணு கையை மடக்க முடியாம நிப்பா."

சிரிப்புக்குக் குறைவில்லை. செத்துப்போன அப்பாவின் குறட்டையைப் பற்றிப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கை அடித்த பொய்களுக்கெல்லாம் அக்கா அடி வாங்கியதைப் பேசினார்கள். குமாஸ்தாவைப் பற்றியும் பேசினார்கள். அந்தக் குழந்தைக்கு வேறு நூலில் தொப்பி பின்னிக் கொடுத்ததாகத் தங்கை சொன்னாள். "நீ சொன்னதுதான் சரி, கை மரத்துத்தான் போச்சு" என்று அக்கா ஒப்புக்கொண்டாள். அது அவளுக்குச் சுலபமாக வந்தது. அதற்குப் பக்கத்திலேயே இருந்த மற்றொன்றைச் சொல்ல முடியவில்லை.

தினமும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவாள். வித்துட்டேன்டி, கோவத்துல வித்துட்டேன், இது வேற நூலு. செருப்பைக் கழற்றும்வரை அது நாக்கிலேயே இருக்கும். உள்ளே போனதும் தங்கை ஊசியை மடியில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பாள். அக்கா உடனே ஜன்னல் கொக்கியைப் பற்றியோ தண்ணீர்க்குழாயைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவாள். சாகக்கிடக்கிறவளிடம் போய் இதைச் சொல்லி ஏன் மனதைக் கெடுக்க வேண்டும், நிம்மதியாக முடிக்கட்டும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் நிஜம். தங்கையின் முகம் மாறுவதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

முப்பத்து நாலாவது நாள் கை முடிந்து, உடலோடு சேர்த்துத் தைத்தும் ஆயிற்று. தங்கை ஸ்வெட்டரை மடித்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"அலசறது உன் பொறுப்பு. என்னால குனிய முடியாது."

"சரி."

"அவசரமில்ல. உக்காரு, இன்னும் கொஞ்ச நேரம் இரு."

"கடையில ஆள் காத்துக்கிட்டிருக்கும்டி. நாளைக்கு வர்றேன்" என்று அக்கா எழுந்தாள்.

அன்று சாயங்காலமே தங்கைக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். பக்கத்திலேயே இருந்த அக்காவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, நூல்காரம்மா தங்கை வீட்டுக் குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்தாள். சோப்பைச் சீவிக் கரைத்தாள். ஸ்வெட்டரை அமிழ்த்தி, கசக்காமல், தேய்க்காமல், உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டாள். தண்ணீர் பழுப்பாக மாறியது. எண்ணெய் வாடை எழுந்தது. கீழே ஒரு தட்டைக் கொடுத்துத் தூக்கி, தண்ணீர் மாற்றி மறுபடி அமிழ்த்தினாள். மூன்றாவது தண்ணீரில் நூல் உப்பி, பின்னல் கண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, துணி விரலுக்கு மெத்தென்று வந்தது. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, கூடத்துத் தரையில் இன்னொரு துண்டை விரித்து, அதன் மேல் ஸ்வெட்டரைப் பரப்பினாள்.

உடல் நல்ல சாம்பல், மழைமேக நிறம். ஒரு கையும் அப்படியே. இன்னொரு கை மட்டும் தேநீர் கொட்டிய மாதிரி பழுப்படித்திருந்தது. தோளில் தையல் போட்ட இடத்தில் கோடு கிழித்தாற்போல நிறம் மாறியது. குருடருக்குக்கூடத் தெரியும்.

வாண்டு வேலைக்குப் புறப்பட்டு வந்தவள் கூடத்தில் நின்றாள். ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

நூல்காரம்மா தரையில் மண்டியிட்டபடியே சொல்லிவிட்டாள். குமாஸ்தா, பல் டாக்டர், பிய்த்த சீட்டு, கசக்கின சீட்டு, எதையும் விடவில்லை. "உங்கம்மா எடுத்து வெச்சதை நான் வித்துட்டேன்டி. அவகிட்ட பொய் சொன்னேன். அவளுக்குத் தெரியாமலே போயிட்டா."

வாண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மாவுக்குத் தெரியும் பெரியம்மா."

"என்ன தெரியும்?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே சொல்லிட்டாங்க. இது வேற வருஷத்து நூலு, முறுக்கு கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு. அலசினா இந்தக் கை தனியா தெரியும், பரவாயில்ல, மேல சட்டை போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னாங்க. நீங்க கேட்டுட வேண்டியதுதானேம்மான்னேன். அவளா சொல்லட்டும், நான் கேட்டா அவளுக்கு அசிங்கமா போயிடும்னாங்க."

நூல்காரம்மா அந்தப் பழுப்புக் கையை எடுத்து நேராக்கி வைத்தாள்.

"நீங்க வர்ற நேரத்துக்கு என்னை மருந்துக்கடைக்குப் போன்னு அனுப்பிடுவாங்க. மருந்தெல்லாம் வீட்லதான் இருக்கும். நான் இருந்தா உங்களுக்குச் சொல்ல வராதுன்னு. நான் சும்மா ரெண்டு தெரு சுத்திட்டு வருவேன். வந்ததும், சொன்னாங்களான்னு கேப்பேன். இல்லேன்னு தலைய ஆட்டுவாங்க."

"தினமுமா?"

"தினமும்தான்."

"கடைசி நாளு?"

வாண்டு கொஞ்சம் யோசித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பாள். "அன்னிக்குத் தலைய ஆட்டல. நாளைக்குச் சொல்லிடுவா பாருன்னாங்க."

நூல்காரம்மா அப்போதுதான் அழுதாள். அழுகை என்றால் சின்ன அழுகை இல்லை, வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அன்றைக்கு அவள் சொல்லவேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. கை முடிந்துவிட்டது, இனிமேல் சொல்லவேண்டிய அவசியமே இல்லை என்று, மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கி, அத்தனை நாளில் முதல் முறையாக நிம்மதியாகக் கடைக்கு நடந்து போனாள்.